ஆறுதல் சொல்வதை நிறுத்துங்கள்

"ஒண்ணும் ஆகாதும்மா. சும்மா மனசப் போட்டுக் குழப்பிக்காத." நம் வீடுகளில் மனநோய்க்கு முதலில் எடுத்துக் கொடுக்கிற மருந்து இதுதான். காசு செலவில்லை. பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. சொன்னவருக்கு நல்லது செய்த திருப்தி, கேட்டவருக்கும் ஒரு பத்து நிமிஷம் நிம்மதி. பல நோய்களுக்கு இந்த மருந்தால் பெரிய நன்மையும் இல்லை, பெரிய கெடுதலும் இல்லை. ஆனால் ஒரு நோயை இது ஊட்டி வளர்க்கிறது. அதன் பெயர் ஓசிடி. அந்த நோயோடு பல வருஷம் குடும்பம் நடத்துகிற நம் பெண்களையும், அவர்களுக்கு ஆறுதலைத் தவிர வேறு எதையும் கொடுக்கத் தெரியாத நம் சமூகத்தையும் பற்றியே இங்கே பேசப்போகிறேன்.

ஓசிடி என்ற சொல் இப்போது வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆகிவிட்டது. மேசையில் பேனாவை நேராக வைக்கிறவர்கூட "எனக்குக் கொஞ்சம் ஓசிடி லா" என்று சிரித்தபடி சொல்கிறார். உண்மையான நோயில் சிரிக்க ஒன்றுமில்லை. அதற்கு இரண்டு பாகம் உண்டு. முதலாவது, வேண்டாம் வேண்டாம் என்று தள்ளத் தள்ள வந்து நிற்கிற ஓர் எண்ணம். கையில் ஏதோ ஒட்டியிருக்கிறது, கேஸ் அடுப்பை மூடவில்லை, சாமி படத்தைப் பார்க்கும்போது கெட்ட வார்த்தை வருகிறது, பிள்ளையை நானே ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இரண்டாவது, அந்தப் பயத்தை அடக்கச் செய்கிற ஒரு காரியம். கழுவுவது, திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது, எண்ணுவது, மனசுக்குள் மந்திரம் சொல்வது, இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது: "நான் மூடிட்டேன்தானே? உங்களுக்கு நல்லாத் தெரியும்தானே?"

இந்தக் கடைசிக் காரியத்தைக் கொஞ்சம் கவனிங்க. கேட்பதும் நோயின் ஒரு பாகம். அப்படியென்றால் "மூடிட்ட, மூடிட்ட, போய்ப் படு" என்று நாம் சொல்கிற பதிலும் நோயின் ஒரு பாகம்தான்.

கோயில் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டுபோனால் காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் வருமே, ஓசிடி அப்படித்தான் வேலை செய்கிறது. ஸ்பீக்கரிலிருந்து வருவதை மைக் மறுபடி வாங்கி அதே ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சத்தம் ஏறுகிறது. பயம் வருகிறது, கழுவுகிறாள், பயம் உடனே இறங்குகிறது. மூளை என்ன கற்றுக்கொள்கிறது? "கழுவியதால்தான் தப்பித்தோம்." அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வரும், இன்னும் அதிகம் கழுவச் சொல்லும். அந்த இடத்தில் நம் ஆறுதலும் சோப்பு மாதிரிதான். நிம்மதி உடனே கிடைக்கிறது. அந்த உடனடி நிம்மதிதான் சுற்றை மூடுகிறது.

இந்த வியாதி ஆண்களுக்கும் வரும். சின்ன வயதில் தொடங்குவது பையன்களிடம்தான் அதிகம். பெரியவர்களில் பெண்கள் சற்று அதிகம். பதற்ற நோய்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகின்றன. ஆனால் எண்ணிக்கையைவிட எனக்குக் கோபம் வருவது வேறு ஒன்றில். ஓர் ஆண் தினமும் மூன்று மணி நேரம் குளித்தால் ஒரு மாதத்துக்குள் வீட்டில் யாராவது "இவனுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுவிடுவார்கள். ஒரு பெண் அதைச் செய்தால் "ரொம்ப சுத்தக்காரி" என்று பெயர். பொண்ணு பார்க்க வருகிறவர்களிடம் அதைத் தகுதியாகச் சொல்வார்கள். மாதவிலக்கு நாட்களில் விதிக்கு மேல் விதி போட்டுக்கொண்டு தன்னையும் வீட்டையும் கழுவினால் "ஆச்சாரமான பிள்ளை". தூங்குவதற்கு முன் எல்லாக் கதவையும் ஏழு முறை பார்த்தால் "பொறுப்பானவ". நோயின் அடையாளங்கள் நல்ல மருமகளுக்கான அடையாளங்களோடு இந்த அளவுக்குப் பொருந்திப்போகிற இடத்தில், யார் வந்து இது நோய் என்று சொல்வது?

பிரசவம் ஆன வீட்டில் நிலைமை இன்னும் மோசம். கர்ப்ப காலமும் பிள்ளை பெற்ற பிறகு வருகிற மாதங்களும் ஓசிடி புதிதாகத் தொடங்கவோ, இருப்பது முற்றவோ கூடிய காலம். பத்தியச் சாப்பாடு, எண்ணெய், மருந்து, முப்பது நாள் வெளியே போகாதே என்று உடம்புக்கு அத்தனை கவனிப்பு. அந்தப் பெண்ணின் மனசுக்குள் "பிள்ளையைக் கீழே போட்டுவிடுவேனோ, கத்தியை எடுத்துவிடுவேனோ" என்று ஓடுவதை யாரிடம் சொல்வாள்? மாமியாரிடமா? சொன்னால் பிள்ளையை வாங்கிக்கொள்வார்கள். எடைபார்க்கும் தராசோடு வீட்டுக்கு வருகிற தாதியிடமா? சொன்னால் போலீஸ் வரும் என்று பயம். அதனால் அவள் பிள்ளையைத் தூக்குவதையே நிறுத்துகிறாள். கத்திகளை ஒளித்து வைக்கிறாள். பிள்ளையோடு தனியாக இருக்க மறுக்கிறாள். வீட்டில் "தாய்ப்பாசம் இல்லாதவ" என்று பேசுவார்கள்.

உண்மை நேரெதிர். வேண்டாத எண்ணங்கள் எல்லார் மனசிலும் வந்துபோகின்றன. 1978இல் ஸ்டான்லி ரக்மானும் இலங்கையைச் சேர்ந்த பத்மால் த சில்வாவும் சேர்ந்து எழுதிய ஆய்வு இதைத்தான் காட்டியது: நோயில்லாதவர்களில் பெரும்பாலோருக்கும் அதே மாதிரி எண்ணங்கள் வருகின்றன, உள்ளடக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை. புதிதாகப் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கும் இது மிகச் சாதாரணம். மற்றவர்கள் "ச்சீ" என்று தள்ளிவிட்டுப் போகிறார்கள், ஓசிடி உள்ளவர் "இப்படி நினைத்த நான் எப்படிப்பட்டவள்?" என்று அங்கேயே நின்றுவிடுகிறார். தன் பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவளுக்குத்தான் அந்த எண்ணம் இவ்வளவு கொடூரமாக இருக்கும். இந்த ஒரு தகவலை நம் தாய் சேய் நலக் கிளினிக்குகளில் தமிழில் அச்சடித்து ஒட்டினாலே எத்தனையோ பெண்கள் மூச்சுவிடுவார்கள்.

சரி, வீட்டு ஆறுதல் தீர்ந்த பிறகு என்ன? கோயில். "சாமி கேட்க"ப் போவது. செய்வினை என்பார்கள், எலுமிச்சம்பழம் வெட்டுவார்கள், சிலர் போமோ வரைக்கும் போவார்கள். நான் இங்கே கடவுள் உண்டா இல்லையா என்று பேச வரவில்லை. சாமி கும்பிடுவதால் கிடைக்கும் நிம்மதியைக் கேலி செய்யவும் இல்லை. நான் சொல்வது நோயின் இயக்கம் பற்றி. ஏற்கெனவே சடங்கில் மாட்டிக்கொண்டு தவிக்கிறவளுக்கு இன்னொரு சடங்கைக் கொடுக்கிறீர்கள். 108 முறை சொல் என்கிறீர்கள். அவளுக்கு 61இல் ஒரு கெட்ட எண்ணம் வருகிறது, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறாள். விடிகிற வரைக்கும் தொடங்குகிறாள். பரிகாரம் சொன்னவருக்கு இது தெரியாது. வீட்டில் இருப்பவர்கள் "இப்ப பக்தி வந்திருக்கு" என்று சந்தோஷப்படுகிறார்கள்.

படித்த குடும்பமாக இருந்தால் கோயிலுக்குப் பதில் தன்முனைப்புப் பேச்சாளர். ஹாலை வாடகைக்கு எடுத்து, புரொஜெக்டர் போட்டு, "எண்ணங்களை மாற்று, வாழ்க்கை மாறும்" என்று மூன்று மணி நேரம் பேசுவார். எண்ணத்தைக் கட்டுப்படுத்தச் சொல்வது ஓசிடி உள்ளவருக்குச் சொல்லக்கூடிய மிக மோசமான அறிவுரை. அவர் காலையிலிருந்து ராத்திரி வரை செய்து தோற்பதே அதைத்தான்.

மூன்றாவது கூட்டம் இந்த மாதிரி இதழ்களை வாசிக்கிற, எழுதுகிற நாம். நம் கதைகளில் கை கழுவிக்கொண்டே இருக்கிற பெண் வருவாள். அவள் நோயாளியாக வரமாட்டாள், குறியீடாக வருவாள். அவள் கழுவுவது கணவனின் துரோகத்தை, சாதியை, தோட்டத்து வாழ்க்கையின் அவமானத்தை. வாசகர் கூட்டத்தில் நாம் அதை ஒரு மணி நேரம் பேசுவோம். யாராவது "அவங்கள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாமே" என்று சொன்னால் இலக்கியம் தெரியாதவன் என்று பார்ப்போம். இன்னும் கொஞ்சம் கோட்பாடு படித்தவர்கள் சொல்வது: "பிரச்சினை சமூகத்தில் இருக்கிறது. சிகிச்சை என்ற பெயரில் பெண்ணைத் திருத்தி மறுபடி அதே அடுப்படிக்கு அனுப்புகிறார்கள்."

இந்த வாதத்தை நான் லேசாக ஒதுக்கவில்லை. பெண்களைப் பைத்தியம் என்று முத்திரை குத்தி அடக்கிய வரலாறு உலகம் முழுக்க இருக்கிறது. 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனையால் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப் பெயரே இந்த நாட்டில் வசைச்சொல் ஆனதும் நமக்குத் தெரியும். ஆணாதிக்கம் இந்த நோயை மறைக்கிறது என்று நானே மேலே சொல்லியிருக்கிறேன். ஆனால் மறைப்பதும் உண்டாக்குவதும் ஒன்றில்லை. வேலை வெட்டியோடு, நல்ல கணவனோடு, சொந்தச் சம்பளத்தோடு இருக்கிற பெண்ணுக்கும் இது வருகிறது. பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. சமூகம் மாறட்டும், மாற வேண்டும். அது மாறி முடிக்கிற வரைக்கும் அவள் குளியலறைக்குள்ளேயே நிற்கட்டுமா? குளிக்க மூன்று மணி நேரம் போகிறவளுக்குப் போராட்டத்துக்குப் போக நேரம் ஏது?

இத்தனைக்கும் இந்த நோய்க்கு வேலை செய்கிற சிகிச்சை இருக்கிறது. என்னை இதை எழுத வைத்த எரிச்சல் அதுதான். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், அதுவரைக்கும் குணமாகாது என்று கைவிடப்பட்ட இரண்டு நோயாளிகளுக்கு ஒரு புதிய முறையை முயன்றார். பயப்படுகிற பொருளைத் தொட வைப்பது. தொட்ட பிறகு கழுவவிடாமல் துணைக்கு இருப்பது. அறையில் தண்ணீர்க் குழாயையே அடைத்தார்கள். இருவருமே நன்கு தேறினார்கள். அந்த முறை வளர்ந்து இன்று இ.ஆர்.பி. என்று அழைக்கப்படுகிறது. (சிங்கப்பூர் நண்பர்கள் சாலைக் கட்டணத்தை நினைக்க வேண்டாம்.) பயத்தை எதிர்கொள்வது, வழக்கமான எதிர்வினையைச் செய்யாமல் இருப்பது. இப்போது யாரும் குழாயை அடைப்பதில்லை. நோயாளியே தன் பயங்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை பட்டியல் போடுகிறார். கீழேயிருந்து ஒவ்வொன்றாக, அவர் சம்மதத்தோடு. பசாருக்குப் போய்விட்டு வந்து கை கழுவாமல் பத்து நிமிஷம். பிறகு அரை மணி. பயம் ஏறும். கழுவாமல் இருந்தால் அது தானாக இறங்குவதையும், இறங்காவிட்டாலும் தாங்க முடிவதையும் உடம்பு கற்றுக்கொள்ளும். வழக்கமாக 12 முதல் 20 அமர்வுகள்.

2005இல் எட்னா ஃபோவாவும் மற்றவர்களும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில் 122 பேர் பங்கெடுத்தார்கள். வெறும் மாத்திரை உருவத்தை விழுங்கியவர்களில் 8 விழுக்காட்டினருக்கு முன்னேற்றம். க்ளோமிப்ரமின் என்ற மருந்து சாப்பிட்டவர்களில் 42 விழுக்காடு. இ.ஆர்.பி. செய்தவர்களில் 62 விழுக்காடு. இரண்டும் சேர்ந்தவர்களில் 70. மாயம் எதுவும் இல்லை, எல்லாருக்கும் குணமாகவும் இல்லை. ஆனால் எட்டுக்கும் அறுபத்திரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம் ஒருத்தியின் முழு வாழ்க்கை. மருந்து என்றாலே பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: செர்ட்ராலின், ஃப்ளுவோக்ஸெடின் போன்ற மருந்துகள் பழையவை, நன்கு சோதிக்கப்பட்டவை. ஓசிடிக்கு மனச்சோர்வைவிடக் கூடுதல் அளவு தேவைப்படலாம், பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம். இரண்டாவது வாரத்தில் "ஒண்ணும் கேக்கல" என்று டாக்டரைக் கேட்காமல் நிறுத்துவதுதான் நம் ஆட்கள் வழக்கம்.

பிறகு ஏன் நம் பெண்களுக்கு இது போய்ச் சேரவில்லை? பாதிப் பதில் மொழி.

எங்கள் தாமானில் ஓர் அக்கா. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் கழுவிக்கொண்டிருந்தவர். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். மகள் வற்புறுத்தி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். அங்கே கிடைத்த உளவியலாளர் நல்லவர், பொறுமையானவர், மலாய்க்காரர். அக்காவுக்கு மலாய் பசாரில் பேசுகிற அளவுக்குத் தெரியும். தன் பயத்தை "கோத்தோர்" என்று சொன்னார். அழுக்கு. அந்த உளவியலாளரும் சரியாகவே செய்தார்: தோட்டத்து மண், குப்பைத்தொட்டி மூடி என்று பயிற்சி போட்டார். அக்கா எல்லாவற்றையும் அலட்சியமாகத் தொட்டார். அவருக்கு மண் ஒரு பொருட்டே இல்லை. அவர் பயந்தது தீட்டுக்கு. இழவு வீட்டுக்குப் போய்வந்தவரின் சட்டை நாற்காலியில் பட்டால் அந்த வீட்டில் அடுத்த சாவு விழும் என்பது அவர் பயம். அதை எந்த மலாய்ச் சொல்லில் சொல்வது? சில வாரம் இப்படியே போனது.

பிறகு மகள் உள்ளே உட்கார்ந்து மொழிபெயர்த்தாள். பயிற்சி மாறியது: இழவு வீட்டுக்குக் கட்டிப்போன சேலையைத் துவைக்காமல் வீட்டு ஹாலில் வைப்பது. அன்றைக்குத்தான் அக்காவுக்குக் கை நடுங்கியது, சிகிச்சையும் அன்றைக்குத்தான் தொடங்கியது. கழுவுவது நன்றாகக் குறைந்தது. ஆனால் அவர் பட்டியலில் இருந்த மிகப் பெரிய பயம் செத்துப்போகப் போவது அந்த மகள்தான் என்பது. மகள் வாயால் மொழிபெயர்க்க வைத்து அதை எப்படிச் சொல்வார்? சொல்லவில்லை. அந்த இடத்தோடு சிகிச்சை நின்றுவிட்டது.

இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது, அதனால்தான் இது அமைப்பின் பிரச்சினை. இந்தச் சிகிச்சை முழுக்க வார்த்தையால் செய்வது. அறுவை சிகிச்சையை எந்த மொழிக்காரரும் செய்துவிடலாம். இது அப்படியில்லை.

நாம் கணக்கிலாவது இருக்கிறோமா? சிங்கப்பூரில் 2016இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, வாழ்நாளில் ஒரு முறையாவது ஓசிடி வந்தவர்கள் 3.6 விழுக்காடு என்றது. உதவி தேடிப் போவதற்குள் ஆகிற காலத்தின் இடைநிலை 11 வருஷம். அந்த நேர்காணல்கள் ஆங்கிலம், சீனம், மலாய் மொழிகளில் நடந்தவை. தமிழ் அங்கே அதிகாரத்துவ மொழி. தமிழ் மட்டுமே பேசத் தெரிந்த பாட்டிக்கும் அம்மாவுக்கும் எத்தனை வருஷம் ஆகிறது என்பது அந்த எண்ணில் இல்லை. மலேசியக் கிளினிக் கெசிஹாத்தானில் நிரப்பக் கொடுக்கிற டாஸ் 21 என்ற தாளில் மனச்சோர்வு, பதற்றம், அழுத்தம் பற்றி 21 கேள்விகள் இருக்கின்றன. ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யாமல் இருக்க முடியவில்லையா என்று ஒன்றுகூட இல்லை. கேட்காததை அவள் ஏன் சொல்லப்போகிறாள்?

இப்போதைக்கு ஒரு குடும்பம் செய்யக்கூடியது இதுதான். கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய், "மன அழுத்தம்" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தக் காரியத்தை ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் செய்கிறார் என்று எண்ணோடு சொல்லி, மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். குடிமக்களுக்கு அரசு மருத்துவமனையில் செலவு சில ரிங்கிட். தனியாரிடம் ஒரு மணி நேரத்துக்குச் சில நூறு ரிங்கிட் ஆகலாம்; கொடுப்பதற்கு முன் கேளுங்கள்: "நீங்கள் இ.ஆர்.பி. செய்வீர்களா? தமிழில் செய்வீர்களா?" வெறுமனே பேசி ஆறுதல் தருகிறவர் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், அது வீட்டிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யாதவர் தன்னைக் கவுன்சிலர் என்று சொல்லிக்கொள்ள முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் பதில் சொல்வதைத் திடீரென்று நிறுத்தி அவளைத் தவிக்கவிடச் சொல்லவில்லை. சிகிச்சையாளரோடும் அவளோடும் பேசி முடிவு செய்து, படிப்படியாக நிறுத்த வேண்டும். கேஸ் மூடியிருக்கிறதா என்று பத்தாவது முறை கேட்கும்போது, "இது உன் நோய் கேக்குது. நான் பதில் சொல்லப்போறதில்ல. ஆனா பயம் இறங்குற வரைக்கும் இங்கேயே உன்கூட உக்காந்திருக்கேன்" என்று சொல்லப் பழக வேண்டும். "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போவதைவிட இது கஷ்டம். அரை மணி நேரம் உட்கார வேண்டும்.

சங்கங்களுக்கும் ஒரு கேள்வி. 2024 பட்ஜெட்டில் மித்ராவுக்கு ஒதுக்கியது 100 மில்லியன் ரிங்கிட். அதில் ஒரு துளியை ஒதுக்கி, தமிழ் சரளமாகப் பேசுகிற பிள்ளைகளை மருத்துவ உளவியல் முதுகலை படிக்க வைத்தால் என்ன? வருஷத்துக்கு ஐந்து பேர் போதும். பத்து வருஷத்தில் ஐம்பது பேர். கோயில் தேவஸ்தானங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், முன்னாள் மாணவர் சங்கங்கள் எல்லாம் மருத்துவம் படிக்கவும் வழக்கறிஞர் ஆகவும் உதவி கொடுக்கின்றன. இந்தப் படிப்பைப் பட்டியலில் சேர்க்க ஒரு கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும். அடுத்த ஆண்டுக்கூட்டத்தில் எழுந்து நின்று இதைக் கேளுங்கள். "பார்க்கலாம், எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று தலைவர் சொன்னால் உட்கார்ந்துவிடாதீர்கள். எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள்.